கரும்பின் இன்வர்டேஸ் மரபணுக் குடும்பம்: கொங்கு நாட்டில் கேட்கப்படும் கேள்விகள்

தாவரங்களின் ஜீனோமை, அதாவது மொத்த டி.என்.ஏ. வரிசையை, கணினியில் அலசுவது என் வேலை. கரும்பில் சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் என்ற நொதியைப் பற்றிப் பேசப் போனால் இரண்டு தரப்பிலிருந்து கேள்விகள் வரும். கரும்பு வைத்திருப்பவர்களும் வெல்ல ஆலை ஓட்டுபவர்களும் ஒரு பக்கம். கோவை, ஈரோடு, கோபி கல்லூரிகளில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டையும் பிரிக்காமல் கலந்தே வைத்திருக்கிறேன். தோட்டத்துக்காரர் கேட்பதற்குப் பாதி விடை கணினியில் இருக்கிறது, மாணவர் கேட்பதற்குப் பாதி விடை தோட்டத்தில் இருக்கிறது.

வெட்டிய கரும்பு இரண்டு நாள் கிடந்தால் ரெக்கவரி (அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) இறங்கிவிடுகிறது. இதற்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. வெட்டியவுடன் கரும்பு செத்துவிடுவதில்லை. தண்டில் உள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சுவாசிக்கின்றன. இலையிலிருந்து சர்க்கரை வருவது நின்றுவிட்டதால், உள்ளே சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழிக்கத் தொடங்குகின்றன. கரும்பின் சேமிப்பு சுக்ரோஸ். அதை அப்படியே எரிக்க முடியாது, முதலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் முக்கியமான நொதி இன்வர்டேஸ். ஒருமுறை உடைத்தால் உடைத்ததுதான், அதே நொதியால் திரும்பச் சேர்க்க முடியாது.

வெயில் ஏற ஏற, தண்டு காயக் காய இந்த உடைப்பு வேகமாகும். வெட்டுவாய் வழியாக லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா நுழைந்து சுக்ரோஸை டெக்ஸ்ட்ரான் என்னும் பிசினாக மாற்றுவது தனி இழப்பு. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்கு வர வேண்டும் என்று ஆலைகள் சொல்வதற்கு இரண்டுமே காரணம். கட்டிங் ஆர்டர் வந்து வெட்டிப் போட்ட பிறகு லாரி வரத் தாமதமானால் நஷ்டம் யாருக்கு என்பது கரும்பு வைத்த எல்லாருக்கும் தெரியும்.

பிரிக்ஸ் மீட்டரில் பார்த்தால் எண் குறையவில்லையே? சில சமயம் கூடவும் செய்கிறதே?

இந்தக் கேள்வி கேட்பவர் நன்றாகக் கவனித்திருக்கிறார். பிரிக்ஸ் என்பது சாற்றில் கரைந்திருக்கும் எல்லாப் பொருளின் மொத்தக் கணக்கு. சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆனாலும் அவையும் கரைந்தேதான் இருக்கின்றன. சொல்லப்போனால் எடை கொஞ்சம் கூடுகிறது: 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு உடைந்தால் 360 கிராம் கிடைக்கும். அதோடு கரும்பு காய்ந்து தண்ணீர் இழப்பதால் சாறு அடர்த்தியாகிறது. ஆக, சுக்ரோஸ் போய்க்கொண்டிருக்கும்போதே பிரிக்ஸ் எண் ஏறும். வெட்டிப் போட்ட கரும்பின் தரத்தைப் பிரிக்ஸை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆலைகள் போலாரிமீட்டரில் போல் அளவையும், அதாவது சுக்ரோஸ் எவ்வளவு என்பதையும், சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

இன்வர்டேஸ் ஒரே நொதிதானே? அதற்கு எதற்குக் குடும்பம்?

வேலை ஒன்று, செய்யும் இடம் வேறு வேறு. செல்சுவரில் ஒட்டியிருக்கும் வகை, இலையிலிருந்து வந்து இறங்கும் சுக்ரோஸை வாசலிலேயே உடைத்து உள்ளே இழுக்க உதவுகிறது. விதை, காய், வளரும் நுனி ஆகிய இடங்களில் இதற்கு வேலை அதிகம். இரண்டாவது வகை செல்லுக்குள் உள்ள நீர்ப்பையான வாக்குவோலுக்குள் இருக்கிறது. கரும்பு சுக்ரோஸைக் குவித்து வைப்பதும் அந்த வாக்குவோலில்தான். அதனால் இது எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்பது நமக்கு மிக முக்கியம். இந்த இரண்டுக்கும் அமிலச் சூழல் வேண்டும். மூன்றாவது வகைக்கு நடுநிலை அல்லது சற்றுக் காரச் சூழல் போதும். செல்லின் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது, சிலது பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கின்றன.

பரம்பரையும் ஒன்றல்ல. அமில வகைகள் இரண்டும் ஜி.எச். 32 என்ற நொதி வரிசையைச் சேர்ந்தவை. நடுநிலை வகை ஜி.எச். 100. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு தனி வம்சங்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் உறவுமுறை காட்டும் ஒரே மரவரைபடத்தில் போட்டு “இவை பிரிந்து நிற்கின்றன” என்று கண்டுபிடிப்பாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பிரிந்துதான் நிற்கும். வம்சம் வம்சமாகத் தனி மரம் போடுங்கள், உள்ளே என்ன நடந்தது என்று அப்போதுதான் தெரியும்.

ஒரு செடியின் ஜீனோம் முழுக்க ஒரு குடும்பத்தைத் தேடுவது எப்படி?

முதலில் அந்தச் செடியின் ஜீனோமும், அதிலிருந்து கணித்த புரத வரிசைகளும் கோப்பாக வேண்டும். அதில் தேட இரண்டு வழி. நெல்லிலோ அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலோ ஏற்கெனவே தெரிந்த இன்வர்டேஸ் வரிசைகளை வைத்து பிளாஸ்ட் மென்பொருளில் ஒத்தவற்றைத் தேடுவது ஒன்று. குடும்பத்தின் பொது அடையாளத்தை வைத்து ஹம்மர் மென்பொருளில் தேடுவது இன்னொன்று. ஜி.எச். 32 வகைக்கு பிஃபாம் களஞ்சியத்தில் பி.எஃப். 00251, பி.எஃப். 08244 என்று இரண்டு அடையாளங்கள் உள்ளன. ஜி.எச். 100-க்கு பி.எஃப். 12899. இரண்டு வழியிலும் தேடி, வந்ததைச் சேர்த்து, ஒரே மரபணு இருமுறை வந்திருந்தால் நீக்கி, அரைகுறை வரிசைகளைத் தனியே எடுத்து வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம், அவை ஏன் அரைகுறை என்பதற்கும் காரணம் இருக்கும்.

அப்புறம் வரிசைகளை அடுக்கி ஒப்பிட்டு, மரம் போட்டு, எந்த வகை என்று பிரிக்க வேண்டும். அமில வகைகளைப் பிரிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. நொதியின் வேலை நடக்கும் மையத்துக்கு அருகே ஒரு குறிப்பிட்ட இடத்தில் புரோலின் இருந்தால் பெரும்பாலும் செல்சுவர் வகை, அதே இடத்தில் வாலின் இருந்தால் வாக்குவோல் வகை. ஒரே ஒரு அமினோ அமிலம்தான், நொதி எந்த பி.எச். அளவில் சிறப்பாக ஓடும் என்பதையே அது மாற்றுகிறது.

அதன்பின் எந்த மரபணு எந்தக் குரோமோசோமில், எத்தனை எக்ஸான் (மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டு), எது எதிலிருந்து இரட்டித்து வந்தது, எந்தத் திசுவில் எப்போது இயங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மென்பொருள் எல்லாவற்றையும் கேட்டவுடன் தந்துவிடும். தந்தது சரியா என்று பார்ப்பதில்தான் உழைப்பு இருக்கிறது.

கணினி தருவது தவறாகவும் இருக்குமா?

இருக்கும், இந்தக் குடும்பத்தில் நிச்சயமாக. அமில இன்வர்டேஸ் மரபணுக்கள் பலவற்றில் வெறும் 9 எழுத்து நீளமுள்ள ஓர் எக்ஸான் இருக்கிறது. தாவரங்களில் தெரிந்த மிகச் சிறிய எக்ஸான்களில் அது ஒன்று. மூன்றே அமினோ அமிலங்களுக்கான குறிப்பு: அஸ்பார்டிக் அமிலம், புரோலின், அஸ்பாரஜின். அளவுதான் சிறியது, அதிலுள்ள அஸ்பார்டிக் அமிலம் இல்லாவிட்டால் நொதி சுக்ரோஸை உடைக்காது. இவ்வளவு சிறிய துண்டைத் தானியங்கி மென்பொருள்கள் பல நேரம் தாண்டிப் போய்விடும். அப்போது கோப்பில் உள்ள புரதத்தில் அந்த மூன்றும் இருக்காது. “இந்த மரபணு செயலிழந்துவிட்டது” என்று முடிவு கட்டும் முன் டி.என்.ஏ. வரிசையைத் திறந்து கண்ணால் பாருங்கள், ஆர்.என்.ஏ. தரவோடு ஒத்துப் பாருங்கள்.

நெல்லில் எத்தனை, கரும்பில் எத்தனை?

அராபிடாப்சிஸின் ஜீனோம் 2000-இல் முழுதாக வந்தது. அதில் செல்சுவர் வகையில் 6, வாக்குவோல் வகையில் 2, நடுநிலை வகையில் 9, ஆக 17 என்பது வழக்கமான கணக்கு. செல்சுவர் வகை என்று எண்ணப்பட்ட ஆறில் இரண்டு உண்மையில் சுக்ரோஸை உடைப்பதில்லை, ஃபிரக்டான் என்ற வேறு சர்க்கரைத் தொடரைத்தான் உடைக்கின்றன என்று பின்னால் சோதனையில் தெரிந்தது. வரிசை ஒத்திருந்தால் வேலையும் ஒத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நெல்லில் 9, 2, 8 என்று 19.

கரும்புக்கு இப்படி ஓர் எண்ணைச் சொல்வதே சிக்கல். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கரும்பில் ஏன் அவ்வளவு சிக்கல்?

அந்தக் கதையின் பெரும்பகுதி நம்ம கோவையில் நடந்தது. 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே செய்த காரியம் உலகக் கரும்பையே மாற்றியது. தடித்த, இனிப்பான, ஆனால் நோஞ்சான் கரும்பை, ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் மெலிந்த பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். வெள்ளை என்ற இனிப்புக் கரும்பும் கோவையில் கிடைத்த காட்டுவகையும் சேர்ந்து பிறந்தது கோ 205. 1918-இல் வெளியானது. ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார், கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். கோவையில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது. அதனால் இன்றும் நாட்டின் பல மாநிலக் கரும்பு நிலையங்களுக்கான ஒட்டுச்சேர்க்கை இங்கேயே நடக்கிறது.

இந்தக் கலப்பால்தான் இன்றைய ரகங்களில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் இருக்கின்றன. சுமார் 80 சதவீதம் இனிப்புக் கரும்பிலிருந்து வந்தவை. மிச்சத்தில் காட்டுவகையுடையதும் இரண்டும் கலந்து ஒட்டியவையும் உண்டு. நெல்லில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி என்றால், கரும்பில் பத்து, பன்னிரண்டு பிரதிகள். எல்லாம் சேர்த்து ஜீனோம் சுமார் 1,000 கோடி எழுத்துகள். மனிதனுக்கு ஒரு தொகுதி 300 கோடி.

இப்போது இன்வர்டேஸைத் தேடினால் வரிசை வரிசையாக வரும். அவற்றில் எது தனி மரபணு, எது ஒரே மரபணுவின் பிரதி? இதைப் பிரிக்காமல் “கரும்பில் இத்தனை இன்வர்டேஸ் மரபணுக்கள்” என்று தலைப்பில் எண் போடுவது வாசகரை ஏமாற்றுவது போலத்தான். குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் எந்த மரபணுக்கள் இருக்கின்றன என்று பார்த்து, ஒரே இடத்தைச் சேர்ந்த பிரதிகளை ஒரு கூட்டமாகக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு.

2018-இல் காட்டுவகைக் கரும்பு ஒன்றின் ஜீனோம் வந்தது. 32 குரோமோசோம்கள், எட்டெட்டாக நான்கு தொகுதி. 2024-இல் ஆர் 570 என்ற சாகுபடி ரகத்தின் ஜீனோம் வெளியானது. அதுவரை கரும்பு ஆராய்ச்சியாளர்கள் சோளத்தின் ஜீனோமைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள்.

சோளமா? மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போடும் அதே சோளமா?

அதே சோளம்தான். கரும்புக்கு மிக நெருங்கிய பயிர் உறவு. 10 சோடிக் குரோமோசோம்கள், ஒரு தொகுதி ஜீனோம் சுமார் 73 கோடி எழுத்துகள், 2009-இல் வெளியானது. பிரதிக் குழப்பம் கிடையாது. சோளத்தில் குடும்பத்தை ஒழுங்காக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் கரும்பில் எந்தக் கூட்டம் பொருந்துகிறது என்று பார்ப்பது இன்றும் நல்ல வழி. பல்லடம், காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டில் நிற்கும் சோளம் கரும்பாராய்ச்சிக்கு இப்படி உதவுகிறது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சிவப்பு, நீலக் கட்டங்களாக ஒரு படம் இருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு வரியும் ஒரு மரபணு, ஒவ்வொரு பத்தியும் ஒரு திசு அல்லது நேரம். எந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. எங்கே அதிகம் என்று நிறம் காட்டுகிறது. கரும்பில் பொதுவாகக் காண்பது: நுனிப்பக்கத்து இளங்கணுக்களில், தண்டு நீளும்போது, வாக்குவோல் இன்வர்டேஸ் மும்முரமாக இருக்கும். கீழ்க்கணுக்கள் முற்றும்போது அது அடங்கிவிடும், சுக்ரோஸ் சேரும். 1960-களிலேயே ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், கிளாசியூ போன்றவர்கள் நொதி அளவை நேரடியாக அளந்து இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிட்டார்கள். அப்போது மரபணு வரிசை ஒன்றுகூடக் கையில் இல்லை. இதே ஹேட்ச்தான் பின்னர் ஸ்லாக்கோடு சேர்ந்து கரும்பின் சி4 ஒளிச்சேர்க்கைப் பாதையை வெளிக்கொண்டு வந்தார்.

படத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஆர்.என்.ஏ. இருந்தால் நொதி வேலை செய்கிறது என்று பொருளாகாது. இன்வர்டேஸைப் பிடித்து அடக்கிவைக்கும் சிறு புரதங்கள் செடியிலேயே உண்டு. நொதி இருந்தும் வேலை நடக்காமல் இருக்கலாம். நிறக்கட்டத்தோடு நிறுத்தாமல், திசுவை அரைத்து நொதியின் வேகத்தை அளந்தவர்களின் கட்டுரையை நான் கூடுதலாக நம்புவேன்.

மரபணுவுக்கு முன்னால் உள்ள 2,000 எழுத்துகளில் “வறட்சிக்கு இத்தனை குறியீடு, ஹார்மோனுக்கு இத்தனை குறியீடு” என்று பட்டியல் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஐந்தாறு எழுத்துக் குறியீடுகள் எந்த டி.என்.ஏ.விலும் தற்செயலாகவே கிடைக்கும். சோதனை இல்லாமல் அந்தப் பட்டியலை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இந்த நொதியை மொத்தமாக நிறுத்திவிட்டால் சர்க்கரை கூடுமே?

செடியே வளராது. மக்காச்சோளத்தில் செல்சுவர் வகை ஒன்று பழுதான ஒரு வகை உண்டு. அதன் மணிகள் சூம்பிப்போகின்றன. நெல்லில் மணி நிரம்புவதற்கு ஒரு செல்சுவர் இன்வர்டேஸ் அவசியம் என்று 2008-இல் தெரிந்தது. அராபிடாப்சிஸில் நடுநிலை வகையில் இரண்டைச் சேர்த்து நிறுத்தியபோது செடி குட்டையாகிப் போனது.

ஆனால் சரியான ஒன்றை மட்டும் தொட்டால் பலன் கிடைத்திருக்கிறது. மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இது புரியும். கிழங்கைக் குளிர்சாதனக் கிடங்கில் வைத்தால் இனிப்பு ஏறிவிடும், சிப்ஸ் போட்டால் கருத்துப் போகும். குளிரில் வாக்குவோல் இன்வர்டேஸ் கிளம்பி சுக்ரோஸை உடைப்பதே காரணம். அந்த ஒரு மரபணுவை அடக்கிய கிழங்குகள் குளிரில் வைத்த பிறகும் வெளுப்பாகவே பொரிந்ததை 2010-இல் காட்டினார்கள். குடும்பத்தில் யார் எவர் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அந்த ஒன்றைக் குறிவைக்க முடிந்தது. குடும்பம் முழுவதையும் தேடி வகைபிரிப்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கரும்பில் ஒன்றை அடக்கினால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும், பிரதிகளும் ஏராளம். அதனால் இங்கே அது அவ்வளவு எளிதில்லை.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் சில சமயம் கட்டாமல் இளகிப்போகிறதே, இதனால்தானா?

பெரும்பாலும் இதே கதைதான், இரண்டு கட்டமாக. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கூடிய சாற்றில் சுக்ரோஸ் படிகமாவது தடைபடும், ஈரத்தையும் இழுக்கும். பாகு பதத்துக்கு வந்தது போலத் தெரிந்தாலும் அச்சில் நிற்காது. முதல் கட்டம் கொப்பரைக்கு முன்பு: வெட்டிக் கிடந்த கரும்பு, சாய்ந்த கரும்பு, அளவுக்கு மீறி முற்றிய கரும்பு. இங்கே உடைப்பவை கரும்பின் சொந்த இன்வர்டேஸும் நுண்ணுயிர்களும். இரண்டாவது கட்டம் கொப்பரைக்குள். கொதியில் நொதி செத்துவிடும். ஆனால் சாறு இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது, அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸை உடைக்கும். அளவாகச் சுண்ணாம்பு விடுவது அழுக்கு திரண்டு வர மட்டுமல்ல, இந்த உடைப்பைத் தடுக்கவும்தான். அதிகம் விட்டால் நிறம் கறுக்கும்.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை ஏலம் எடுக்கிறார்கள். உலர்ந்து பொலபொலவென்று இருக்கும் சர்க்கரைக்கு விலை கிடைக்கிறது. அந்தப் பொலபொலப்பு வயலில் அரிவாள் விழும் நேரத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

எந்த ரகம் வைக்கலாம் என்று இந்த ஆராய்ச்சி சொல்லுமா?

இப்போதைக்குச் சொல்லாது. கோ 86032 நம் பகுதியில் இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் வயலில் அது காட்டிய விளைச்சலும் சர்க்கரையும்தான், மரபணுப் பட்டியல் பார்த்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாளைக்கு, வெட்டிய பின் சர்க்கரையை மெதுவாக இழக்கும் ரகங்களை நாற்றிலேயே அடையாளம் காண இது உதவலாம். அதற்கு ரகத்துக்கு ரகம் அளந்த தரவு நிறைய வேண்டும்.

என்னிடம் ஒரு லேப்டாப்தான் இருக்கிறது. செய்ய முடியுமா?

தாராளமாக. என்.சி.பி.ஐ., பைட்டோசோம், என்செம்பிள் பிளான்ட்ஸ் ஆகிய களஞ்சியங்கள் கட்டணமில்லாதவை. நான் சொன்ன மென்பொருள்களும் அப்படியே. நெல்லில் தொடங்குங்கள். அந்த 19 உங்களுக்கும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சோளம், அதன்பின் கரும்பு. எடுத்தவுடன் கரும்பில் கை வைத்தால் பிரதிகளுக்குள் தொலைந்துபோவீர்கள்.

நம் பகுதிக்கு உதவும்படி ஒரு மாணவர் என்ன செய்யலாம்?

எனக்கு மிகவும் ஆசையுள்ள ஒன்று இது. ஒரே வயலில், ஒரே வயதுள்ள, ஒரே ரகக் கரும்பை ஒரே காலையில் வெட்டுங்கள். பாதியை வெயிலில் விடுங்கள். மீதியை நிழலில் வைத்து, சோகை (காய்ந்த கரும்பிலை) போட்டு மூடித் தண்ணீர் தெளியுங்கள். வெட்டியவுடன், 24, 48, 72 மணி நேரத்தில் நுனி, நடு, அடி என்று தனித்தனியாகக் கணு எடுங்கள். ஒவ்வொன்றிலும் பிரிக்ஸ், போல், குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் அளவு மூன்றையும் பாருங்கள். கடைசியது டி.என்.எஸ். என்ற நிறமாற்றச் சோதனை முறையில் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடியும். நொதியின் வேகத்தை பி.எச். 5-இல் ஒருமுறை, 7-இல் ஒருமுறை அளந்தால் அமில வகையும் நடுநிலை வகையும் தனித்தனியாகத் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு ஆர்.என்.ஏ.வுக்குப் போகலாம். அதற்கான திசுவை வயலிலேயே திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். கோவை வந்து சேரும்வரை பையில் வைத்திருந்தால் நீங்கள் அளப்பது பயணத்தின் விளைவைத்தான். குறிப்பிட்ட மரபணுவைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமரை வடிவமைக்கும்போது அது ஒரு கூட்டத்தின் எல்லாப் பிரதிகளையும் பிடிக்கிறதா, ஒன்றை மட்டுமா என்று எழுதி வையுங்கள். எடை போடும்போது ஒவ்வொரு கட்டின் தண்ணீர் இழப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சர்க்கரைக் கணக்கு நேராகாது. கரும்பு தரும் குடும்பத்திடம் முடிவை முதலில் சொல்லுங்கள். சோகை மூடித் தண்ணீர் தெளித்ததில் எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.